டைம்ஷேர் சட்டம்: வாங்கும்போது மட்டும் காவல்

ஸ்பெயினின் கடலோர ஊர்களில் டைம்ஷேர் (ஆண்டுதோறும் சில நாள்கள் விடுமுறை இல்லத்தில் தங்கும் உரிமை) விற்பனை பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது: பரிசு தருவதாகச் சொல்லி, விடுமுறைக்கு வந்தவரை அழைத்துப் போவார்கள். மணிக்கணக்கில் பேச்சு. ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்’ என்ற நெருக்கடி. கடைசியில் கையெழுத்து. இதற்குக் கடிவாளம் போட ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. 2009 ஜனவரியில் அதை மாற்றிக் கடுமையாக்கியது. ஸ்பெயின் அந்தப் புதிய ஆணையை 2012-இல் தன் நாட்டுச் சட்டமாக்கியது.

காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் விலகலாம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பாராட்டுவார்கள். அதைவிட வலுவானது முன்பணத் தடை. அந்தக் கெடு கழியும்வரை ஒரு யூரோகூட வாங்கக் கூடாது. கார்டில் தொகையை முடக்கி வைக்கவோ, கடன்பட்டதாக எழுதி வாங்கவோகூட அனுமதியில்லை. பணம் கைமாறிவிட்டால் விலகும் உரிமை ஏட்டளவில்தான் நிற்கும். ஊர் திரும்பியவர் வெளிநாட்டு நிறுவனத்தின் பின்னால் எத்தனை காலம் அலைவார்? விலகல் படிவத்தை நிரப்பிக் கொடுக்காத விற்பனையாளருக்கு எதிராகக் கெடு ஓராண்டும் 14 நாள்களும் என நீள்கிறது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

கெடு முடிந்தபின்தான் சட்டம் கைவிடுகிறது. ஆண்டுதோறும் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்கிறதே தவிர, அதற்கு உச்சவரம்பு வைக்கவில்லை. விடுமுறைத் தள்ளுபடிக்காக நீண்டகாலச் சந்தா கட்டுபவர், இரண்டாம் தவணையிலிருந்து ஒவ்வொரு முறையும், பணம் கேட்டு அறிவிப்பு வந்த 14 நாள்களுக்குள் அபராதமின்றி விலகலாம். இதே ஆணையின் 10-ஆம் பிரிவு அது. டைம்ஷேர் வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. மருந்து இன்னதென்று தெரிந்திருந்தும் கூடுதலாக நோய்ப்பட்டவருக்குக் கொடுக்காததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் ஓரளவு கைகொடுத்தது. ஒப்பந்தக் காலம் 50 ஆண்டைத் தாண்டக் கூடாது என்ற 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து, கிரான் கனாரியா தீவில் எழுதப்பட்ட காலவரையற்ற ஒப்பந்தம் செல்லாது என 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் அறுபது வயதில் முறைப்படி 50 ஆண்டு ஒப்பந்தம் எழுதியவருக்கு அந்தத் தீர்ப்பால் பயனில்லை. வாங்குபவரைக் காப்பதில் இந்த ஆணை தேறுகிறது, வாங்கியவரைக் காப்பதில் தோற்கிறது. 10-ஆம் பிரிவை டைம்ஷேருக்கும் நீட்டும்வரை அதை முழுமையான பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.