மீரியபெத்தைச் சரிவில் எந்த அளவுகோல் நிற்கும்?

2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கையின் கொஸ்லந்தவில் மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தின் மலை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது. பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. புதிதாக வேலைக்கு வரும் உளவளத்துணையாளருக்கு எந்தக் கருவிகள் அவசியம் என்ற கேள்வியை இந்தத் தகவல்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். நகரத்துப் பயிற்சிப் பட்டறையில் கேட்டால் வேறு பதில் வரும்.

பேரிடருக்குப் பிறகு பலரும் கையிலெடுப்பது பி.சி.எல்-5 என்ற வினாக்கொத்து. கேள்விகள் 20, புள்ளிகள் 80. 31 முதல் 33 வரை எட்டினாலே பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவழுத்தக் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கச் சொல்கிறது. இது அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் ஆய்வு நிலையத்தில் உருவானது. ஆபத்து முடிந்துவிட்டது, மனம்தான் இன்னும் அதிலிருந்து மீளவில்லை என்ற அனுமானம் அதன் கேள்விகளுக்குள் இருக்கிறது. எந்நேரமும் விழிப்பாக இருக்கிறீர்களா, தூங்கச் சிரமப்படுகிறீர்களா என்று கேட்கிறது. அதே மலையடிவார லயத்தில், அடைமழை இரவில் பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விழித்திருக்கும் தாய்க்கு இங்கே புள்ளிகள் ஏறும். அவளுடைய பயமோ, நிலவியலாளர் எழுத்தில் கொடுத்த எச்சரிக்கையின் மறுபக்கம். சரியான கணிப்பை அறிகுறி என்று பதிவுசெய்யும் கருவியை அந்தச் சூழலில் எப்படி நம்புவது?

அனுபவமுள்ள மருத்துவர் சூழலையும் விசாரித்துத்தான் முடிவெடுப்பார் என்ற வாதம் நியாயமானது. ஆனால் நாம் பேசுவது முதல் வருடத்துக்காரரைப் பற்றி. அவர் எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார். மீரியபெத்தையில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பூனாகலைப் பக்கம் வீடுகள் கிடைத்தது 2016இல்தான். பாதுகாப்பான நிலத்துக்கு வந்த பிறகும் மழைச் சத்தத்தில் ஒருவர் நடுங்கினால், அப்போது பி.சி.எல்-5 பயன்படும். அதற்கு முன் அதை எடுப்பது வீண். உடல் கிடைக்காததால் கருமாதி செய்யவும் மனம் ஒப்பாமல் காத்திருக்கும் குடும்பத்தின் துக்கத்துக்கு, எப்படியும் அந்த 20 கேள்விகளில் இடமில்லை.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 இதைவிட மேலானது. சிறியது, இலவசம், உலகெங்கும் சோதிக்கப்பட்டது. ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூக்கம், களைப்பு, பசி ஆகியவற்றுக்கு மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 3. விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, வயிறார உண்ணாமல் படுக்கும் பெண், மனச்சோர்வே இல்லாமல் இந்த மூன்றிலும் 9 எடுத்துவிடலாம். எச்சரிக்கை எல்லை 10. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஆர்வமின்மை, நம்பிக்கையிழப்பு, குற்றவுணர்வு பற்றிய பதில்களைத் தனியாகப் படிக்க வேண்டும். படிவத்தைக் கையில் திணிக்காமல் வாசித்துக் கேட்க வேண்டும், அதுவும் அடுத்த காம்பராவுக்குக் கேட்காத இடத்தில். சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்காகவே கூட இந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம். புதியவர் கேட்கத் தயங்கும் கேள்வியை அது கேட்க வைக்கிறது.

அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் அடுத்து என்ன? இங்கேதான் உளவியலாளர்கள் ஸ்டான்லியும் பிரவுனும் தற்கொலையைத் தடுக்க வகுத்த பாதுகாப்புத் திட்டம் மற்றெல்லாவற்றையும் முந்துகிறது. நிலைமை மோசமாவதன் அடையாளங்கள், தானே செய்யக்கூடியவை, யாரிடம் போவது, எந்த இலக்கத்தை அழைப்பது, வீட்டிலிருந்து எதை அகற்றுவது என்று ஒரே தாளில், அவரோடு சேர்ந்தே எழுதுவது. அகற்றுவது என்றால் அகற்றுவதுதான், பூட்டிவைப்பது போதாது. வடமத்திய மாகாணத்தின் 180 கிராமங்களில் பூச்சிமருந்தை வைக்கப் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. பெட்டியால் பலன் தெரியவில்லை. 1990களின் நடுப்பகுதிக்குப் பின் இலங்கையில் தற்கொலை விகிதம் பெரிதும் இறங்கியதற்கு முக்கிய காரணம், கொடிய பூச்சிமருந்துகளை அரசு தடைசெய்ததே.

அனர்த்தம் நடந்த உடனே ஆட்களைக் கூட்டி நடந்ததை விவரிக்கச் செய்யும் ஒற்றை அமர்வு முறையைக் கைவிட்டுவிடலாம். பலனில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அதன் இடத்தில் உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு நிற்கிறது: பார், கேள், இணை. முதலிரண்டையும் பயிற்சிகளில் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். மூன்றாவதான, ஆட்களை உதவிகளோடு இணைப்பதுதான் தோட்டத்தில் உயிர்நாடி, அதைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

என் தீர்ப்பு இது. கொஸ்லந்தவுக்குப் போகிறவர் முதலில் எடுக்க வேண்டியது பாதுகாப்புத் திட்டத் தாள். அடுத்து, பதுளை, தியத்தலாவ மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இலக்கங்களும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926உம். பி.எச்.கியூ-9 மூன்றாவது. பி.சி.எல்-5 காத்திருக்கட்டும். அபாயச் சரிவில் இன்னும் குடியிருப்பவருக்கு, குடியேற்றம் கேட்டு பிரதேச செயலாளருக்குப் போகும் கடிதத்தை எழுத உதவுவதும் உளவளத்துணையின் பகுதியே. பயிற்சியாளர்களே, அதையும் பாடத்தில் சேருங்கள்.