பித்தளையில் பேரரசியர்

ஒரு பேரரசியின் முகம் எவ்வளவு காசுகளில் பொறிக்கப்பட்டதோ, அவ்வளவு அதிகாரம் அவரிடம் இருந்தது என்றொரு கருத்து ரோமானிய நாணயவியலைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இப்போது செல்வாக்குப் பெற்றிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. வெண்கலக் காசுகளின் முன்னால் அது நிற்கவில்லை.

நீரோவை அரியணையில் ஏற்றிய இளைய அக்ரிப்பினாவை எடுத்துக்கொள்வோம். கி.பி. 54இல் வெளிவந்த பொன், வெள்ளிக் காசுகளில் மகனுக்கு நேரெதிராக முகம் காட்டுகிறார். மக்கள் கையில் புழங்கிய வெண்கலத்தில் அவரைக் காண்பது அரிதிலும் அரிது. மூத்த ஃபவுஸ்டினாவின் கதை நேர்மாறு. அவர் 140 வாக்கில் மறைந்த பிறகுதான் ‘தெய்வ ஃபவுஸ்டினா’ காசுகள் பெருகின. கணவர் அன்டோனினஸ் பயஸின் ஆட்சி முழுக்க அவை வந்துகொண்டே இருந்தன. இறந்தவரிடம் என்ன அதிகாரம்?

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். திபேரியஸ் காலத்தில், 22-23இல், லிவியா நலம் காக்கும் தெய்வத்தின் பெயரோடு டுபோண்டியஸ் என்னும் காசில் வருகிறார். அவருடைய சொந்தப் பெயர் அதில் இல்லை. காலிகுலா தன் மூன்று தங்கைகளை ஒரே செஸ்டர்டியஸ் காசின் பின்பக்கத்தில் தெய்வங்களாக நிறுத்தினான். டிராஜன் வீட்டுப் பெண்களும் ஹேட்ரியனின் சபினாவும் கண்ணியமானவர்கள், ஆனால் உயிரற்றவர்கள்.

உயிர் வருவது இளைய ஃபவுஸ்டினாவிடம். வெண்கலம் என்று நாம் சொல்லும் செஸ்டர்டியஸ் உண்மையில் பித்தளை. சுமார் 25 கிராம் எடையும் மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அகலமும் கொண்டது. நான்கு சேர்ந்தால் ஒரு வெள்ளி தெனாரியஸ். அந்த அகலத்தில் அச்சு வெட்டுபவனுக்கு ஒரு குடும்பத்தையே நிறுத்த இடம் இருந்தது. 147இல் முதல் மகள் பிறந்ததும் ஃபவுஸ்டினா ‘அகஸ்டா’ பட்டம் பெற்றார். கணவர் மார்க்கஸ் அரேலியஸ் ‘அகஸ்டஸ்’ ஆக 161 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 161இல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது, விரிப்பிட்ட அரியணையில் இரு சிசுக்கள் அமர்ந்திருக்கும் காசு வந்தது. இன்னொன்றில் ஆறு குழந்தைகள் சூழ ஒரு பெண் நிற்கிறாள்; இருவர் அவள் கையில். இரட்டையரில் ஒருவன் நான்கு வயதில் இறந்தான். குறைந்தது 12 குழந்தைகள் பெற்றவருக்குத் தந்தையின் காலத்தைத் தாண்டி வாழ்ந்த மகன் கொமோடஸ் ஒருவன்தான். பேரரசின் வாரிசுக் கவலை முழுவதையும் ஒரு தாயின் உடல் சுமந்ததற்கு இந்தப் பித்தளையைவிட நேரான சாட்சி கிடையாது.

பிற்காலப் பேரரசி யூலியா டோம்னாவைக் கொண்டாடுகிறவர்கள், ‘படைமுகாம்களின் தாய்’ என்ற பட்டம் 174இலேயே ஃபவுஸ்டினாவுக்குக் கிடைத்ததை ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. டோம்னாவின் காசுகளில் பட்டங்கள் குவிகின்றன. குழந்தையின் எடை உணரப்படுவதில்லை. கான்ஸ்டன்டைன் காலத்துக்குள் காசு சிறுத்துவிட்டது. அவருடைய மனைவி ஃபவுஸ்டா அதில் இரு சிசுக்களை ஏந்தி ‘நாட்டின் நம்பிக்கை’யாக நிற்கிறார். 326இல் கணவரின் ஆணையால் கொல்லப்பட்டார். முகங்களை எண்ணி அதிகாரத்தை அளப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

பேரரசர் காசுகளில் பதவி ஆண்டுகள் உண்டு. அதை வைத்துக் காலம் சொல்லிவிடலாம். பேரரசியர் காசுகளில் அது கிடையாது. அதனால்தான் 1982இல் கிளவுஸ் ஃபிட்ஷென் இளைய ஃபவுஸ்டினாவின் மாறிவரும் கூந்தல் முடிப்புகளைப் பிரசவங்களோடு பொருத்திப் பார்த்தார். மார்ட்டின் பெக்மன் இரு ஃபவுஸ்டினாக்களுக்கும் அச்சுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வரிசை கட்டினார்; 2012இலும் 2021இலும் நூல்கள் வந்தன. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இத்துறைக்கு இருக்கும் ஒரே நல்ல வழி. லூசில்லா, கிறிஸ்பினா, மமேயா போன்ற மற்றப் பேரரசியரைப் பற்றி இனி எழுத வருகிறவர்கள் பொன் முகங்களை விட்டுவிட்டு, தேய்ந்த பித்தளையின் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.