கையளவு

சமையலில் பிரியமுள்ள முதுகலை மாணவி ஒருத்தி, "மேம், சாப்பாட்டப் பத்தி நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டாள். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். "நல்லா இருக்கு மேம். ஆனா எங்க வீட்டுல செய்யுற எதுவும் இதுல இல்ல." குறைசொல்லும் தொனியே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

1951இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை இன்றும் பரிந்துரைப்பேன். பாட்டியின் கைப்பழக்கமாக, அம்மாவின் அதட்டலாக மட்டுமே கைமாறிவந்த ஓர் அறிவை, இன்ன பொருள் இன்ன அளவு என்று ஒரு பெண் தன் பெயரில் அச்சேற்றினார். நளபாகம், பீமபாகம் என்று சமையலின் புகழையும் ஆண்களுக்கே எழுதிவைத்த மொழியில் இது சின்ன விஷயமல்ல. மீனாட்சி அம்மாள் இளம் வயதில் கணவரை இழந்தவர். அக்காலப் பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணின் இலை எப்படிச் சுருக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும்: ஒருவேளைச் சோறு, ஏகாதசிப் பட்டினி. அந்தச் சமூகத்துக் கைம்பெண் ஒருவர்தான் விருந்துக்கு வேண்டியதையெல்லாம் எழுதிவைத்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாயசப் பக்கத்தைப் படித்துப்பாருங்கள். செய்முறை நிதானமாகத்தான் போகும். நமக்குத்தான் தொண்டை அடைக்கும்.

ஆனால் 'பார்' என்கிற அந்த ஏவல் யாரை நோக்கியது? மீனும் கறியும் நுழையாத அடுப்படி அது. அதில் தவறில்லை, தன் வீட்டுச் சமையலைத்தான் அவர் எழுதினார். அதையே தமிழர் சமையல் என்று நீட்டியவர்கள் என்னைப் போன்ற வாசகர்கள். என்னிடம் இருப்பது என் திருமணத்துக்குப் பரிசாக வந்த பிரதி. கொல்லையில் கருவாடு காயும் வீட்டில் பிறந்த நான், அதைப் பார்த்து அரைத்துவிட்ட சாம்பார் கற்றுக்கொண்டேன்; வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதையே வைத்தேன். அம்மா வந்தால் மட்டும் கருவாட்டுக் குழம்பு, அதுவும் சன்னலைச் சாத்திவிட்டு. வாடகை வீடு என்று சொல்லிக்கொள்வேன். வாடகை மட்டும் காரணமில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை நான் சொல்லாமலே அவள் படித்திருந்தாள். ஆகவே அடுத்துக் கொடுத்தது 'இஸ்ன்ட் திஸ் பிளேட் இந்தியன்?' என்ற ஆங்கில நூல். இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா என்று கேட்கும் தலைப்பு. புணே பல்கலைக்கழகத்தின் சாவித்திரிபாய் புலே மகளிர் ஆய்வு மையத்தில் ஷர்மிளா ரேகேயும் சக ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து 2009இல் கொண்டுவந்தது. தலித் பெண்களின் நினைவுகளும் செய்முறைகளும் அதில் ஒன்றாகவே வருகின்றன. சமையல் எழுத்தில் பசியும் ஒரு பொருளாக இடம்பெறுவதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். வகுப்பறை வேலையிலிருந்து பிறந்த நூல் என்பதால் ஆசிரியராக எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஷாஹூ பாட்டோளே 2015இல் மராத்தியில் எழுதிய நூல், 2024இல் 'தலித் கிச்சன்ஸ் ஆஃப் மராத்வாடா' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. அன்னம் பூரணப் பிரம்மம் என்ற மராத்தி வழக்கை, அபூரணம் என்று மூலத் தலைப்பிலேயே புரட்டிப்போட்டவர் அவர். உப்புக்கண்டமும் ரத்தமும் அதில் கூச்சமில்லாமல் வருகின்றன. கட்டாயம் படிக்கலாம். அந்தக் கறியைக் காயவைத்தவளின் குரலுக்கு மட்டும் நான் முந்தைய நூலுக்கே திரும்பிப் போவேன்.

பருவத் தேர்வுக்கு முன் அவள் ஓர் ஒப்படைப்பு தந்தாள். அம்மாவிடம் கேட்டு எழுதிய ரத்தப் பொரியல். அளவுகள் எழுதுமிடத்தில் பல அடித்தல் திருத்தல். கடைசியில் இப்படி இருந்தது: "சின்ன வெங்காயம் ஒரு கை. அம்மா கை. எனக்குன்னா ஒன்றரை."