மூத்த குடியும் முதல் மாந்தனும்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களிலும் கிள்ளான் வட்டாரத்துப் பள்ளி மேடைகளிலும் பேச்சாளர் வாயில் அடிக்கடி பயிலும் வெண்பா ஒன்றுண்டு. பாறை வெளிப்பட்டு மண் வெளிப்படாத காலத்திலேயே தோன்றியது என்று ஒரு குடியின் பழமையைப் பேசும் பாட்டு அது. மாணவர் பேச்சுப் போட்டிகளில் அதனைச் சொல்லாது மேடையை விட்டு இறங்குவோர் அரியர். பாட்டைச் சொல்வதில் குற்றமில்லை. சொல்லி முடித்ததும், ‘ஆகவே உலகில் முதன்முதல் தோன்றிய மாந்தன் தமிழனே’ என்று முடிவு கட்டுகிறார்களே, அதுதான் ஆராயத்தக்கது.

இப்பாட்டு ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில், குடிநிலை என்னும் துறைக்கு எடுத்துக்காட்டாக அமைந்தது. நூலின் காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பது கரந்தை. மீட்கச் செல்லும் மறவரது குடியின் தொன்மையையும் மறத்தையும் புகழ்வது குடிநிலை. ஆகவே இங்குப் பேசப்படும் குடி மறக்குடி ஒன்றே. தமிழ் என்ற சொல்லோ, மாந்தரினம் என்ற கருத்தோ பாட்டில் எங்கும் இல்லை.

மேலும் அந்தக் குடி கையில் வாளோடு தோன்றியதாகப் புலவர் பாடுகிறார். மண்ணே வெளிப்படாத உலகில் இரும்பு ஏது? உலை ஏது? கொல்லன் ஏது? இவற்றை ஐயனாரிதனார் அறியாதவர் அல்லர். வீரம் அக்குடியோடு உடன்பிறந்தது என்று காட்டவே வாளையும் உடன்பிறக்க வைத்தார். உயர்வு நவிற்சியின் அழகு முழுவதும் அந்த வாளிலேதான் இருக்கிறது. மேடைப் பேச்சில் முதலில் உதிர்ந்து போவதும் அந்த வாளேயாகும்! சிலர் அதனை விழுங்கிவிடுகின்றனர். வேறு சிலர் அதனிடத்தில் தமிழை வைத்துவிடுகின்றனர். மாணவனுக்கு யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரே இப்பாட்டின் தளை கெடுவதைப் பொறுத்துக்கொள்வது வியப்பு.

பாட்டில் வரும் கல்லைக் குறிஞ்சி என்றும், மண்ணை மருதம் என்றும் கொண்டு, உழவுக்கு முற்பட்ட மலைவாழ் குடியைப் புலவர் சொன்னார் என்று அமைதி கூறுவாரும் உளர். நயமான விளக்கந்தான். ஆயின் உலகைப் போர்த்திருந்த வெள்ளம் விலகியதைப் புலவர் அதற்கு முன்னரே சொல்லிவிடுகிறார். நீர் வடிய முதலில் பாறை தெரியும், பின்னர் நிலம் தெரியும். அக்காட்சியில் திணைப் பாகுபாட்டைப் புகுத்த இடமில்லை.

இனி, இவ்வீரப் பாட்டு மாந்தனின் பிறப்புச் சான்றாக மாறிய வழி ஆராயத்தக்கது. 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இனமொத்த விலங்குகள் காணப்படுவதற்குக் காரணமாக, கடலில் மூழ்கிய நிலப்பரப்பு ஒன்றைக் கருதி அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அவருடைய லெமூரியாவில் மாந்தர் இல்லை. ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கலே அங்கு மாந்தனைப் பிறக்க வைத்தவர். சார்லஸ் டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில் ஆப்பிரிக்காவே மாந்தனின் தாயகமாயிருத்தல் கூடும் என்று கருதினார். தமிழறிஞர் பலர் ஹெக்கலின் கருத்தைத் தழுவி, கடல்கொண்ட பாண்டிய நாட்டோடு அதனை இணைத்தனர். சிலப்பதிகாரம் சொல்வது பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்ததை. அடியார்க்குநல்லார் உரை கணக்கிடுவது 49 நாடுகளை. கண்டமும் முதல் மாந்தனும் பிற்காலத்துச் சேர்க்கை.

சொல்லாராய்ச்சியில் ஈடிணையற்ற தேவநேயப் பாவாணர், தாம் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும் குமரி நிலத்தையே மாந்தன் பிறந்தகமாகக் கொண்டார். கோலாலம்பூரில், தனிநாயக அடிகளாரின் முயற்சியால், முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் அதே ஆண்டில்தான். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்னும் கொள்கை அந்தப் பத்தாண்டில்தான் நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8 முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று இன்று அறிகிறோம். நம் மாந்தரினத்தின் மிகப் பழைய எலும்புகளோ மொராக்கோ நாட்டு ஜெபெல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றின் வயது சுமார் 3 இலட்சம் ஆண்டு என 2017இல் அறிவிக்கப்பட்டது. இவை பாவாணர் காலத்தில் கைக்கு எட்டாதவை. இன்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வோர்க்கு அச்சாக்கு இல்லை.

கடல் நிலத்தைக் கொண்டது பொய் என்று இதனால் ஆகிவிடாது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கை தமிழகத்தோடு ஒட்டியிருந்தது. கிள்ளான் துறைமுகம் இன்று இருக்கும் இடத்திலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

அண்மைக் காலத்தில் மேடைக்கு வந்த புதுச் சான்று மரபணு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்கரான ஸ்பென்சர் வெல்ஸும் ஆராய்ந்து, மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூர்வாசி ஒருவரிடம் எம்130 என்னும் அடையாளத்தைக் கண்டனர். 2002இல் வெளிவந்த வெல்ஸின் நூலும், அவருடைய படமும் அதனை உலகறியச் செய்தன. ‘முதல் தமிழனின் இரத்தம் கிடைத்துவிட்டது’ என்ற ஆரவாரம் இன்னும் அடங்கவில்லை. ஆய்வாளர் காட்டியதோ, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுக் கடற்கரை வழியே ஆஸ்திரேலியா வரை சென்ற மாந்தர், தென்னிந்தியாவில் விட்டுச் சென்ற சுவடு. அதே அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் உண்டு. அதன் கிளை மங்கோலியரிடமும் உண்டு. அது தந்தைவழியில் மட்டும் இறங்குவது. பத்துத் தலைமுறை பின்னோக்கினால் ஒருவர்க்கு 1,024 முன்னோர் இடங்கள். அவற்றுள் ஒன்றை மட்டுமே அது காட்டும். மற்ற 1,023 பேரைப்பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் பேசிய மொழியைப்பற்றிச் சொல்ல வேண்டுவதே இல்லை.

தமிழ் மண்ணின் பழமையைப் பேச விரும்புவோர்க்கு உண்மைச் செய்திகளே போதியவை. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டு பழையவை என 2011இல் சாந்தி பப்பு குழுவினர் நிறுவினர். அவற்றைச் செதுக்கிய கை நம் இனத்து மாந்தனுக்கும் முற்பட்டது. அக்கருவிகளைக் காட்டி ஒரு வகுப்பு நடத்தினால் எந்தப் பிள்ளைதான் கண்விரிக்காது?

தோட்டத்துப் பிள்ளை தமிழ்ப்பள்ளி மேடையில் முதல் மாந்தனைத் தமிழனாக்கிக் கைதட்டு வாங்குகிறான். பின்னர் இடைநிலைப் பள்ளிக்குச் சென்று வரலாற்றுப் பாடத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கைப் படிக்கிறான். ‘தமிழாசிரியர் சொன்னது பொய்யா?’ என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. பிறந்த பின், அவர் சொன்ன குறளையும் சிலம்பையும் அவன் அதே ஐயத்தோடுதான் நோக்குவான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தொலைவிலேயே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. லெங்கோங்கில் சுரைனா மஜீத் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த பேராக் மனிதனைப்பற்றி அங்கே அறியலாம். 10,000 ஆண்டுக்கு மேற்பட்ட எலும்புக்கூடு. ஒரு கையின் விரலெலும்புகள் பிறவியிலேயே குறையுடையவை. அப்படியிருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்தவன். கால்களை மடக்கி, நத்தை ஓடுகளும் இறைச்சியும் உடன் வைத்து, அவனைச் சேர்ந்தவர்கள் புதைத்திருக்கிறார்கள். வாள் எதுவும் அங்கு இல்லை.