‘எனில்’ என்ற சொல் எங்கே?

கல்லூரி இயற்பியல் ஆய்வுக் கூடத்தில் மாணவர்கள் முதலில் செய்யும் சோதனைகளுள் ஒன்று தனி ஊசல். நூலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, 9.8 என்ற எண்ணைக் கட்டம் கட்டிப் பதிவேட்டில் எழுதிக் கொண்டு வருவார்கள். நான் கையெழுத்திடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: “குண்டை எவ்வளவு கோணத்திற்கு இழுத்து விட்டாய்?” பெரும்பாலோர் விழிப்பார்கள். நாம் பயன்படுத்தும் வாய்பாடு சிறு கோணங்களுக்கு மட்டுமே பொருந்தும். 60 பாகைக்கு இழுத்து விட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடிவிடும், 9.8 வர வேண்டிய இடத்தில் 8.5 வரும். கணக்கில் பிழை இராது. கடிகாரத்திலும் பிழை இராது. ‘கோணம் சிறியது எனில்’ என்ற நிபந்தனையை மறந்ததே பிழை.

இவ்வாறு ஒரு கணக்கிற்கு அடியில் நாம் உண்மை என்று வைத்துக் கொள்ளும் நிபந்தனையை எடுகோள் என்பர். அறிவியலில் எடுகோளைச் சொல்லாமல் விடையைச் சொல்பவனுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் கோடிக்கணக்கான ரூபாய் செலவாகும் திட்டங்களில் நிலைமை என்ன? ‘இத்திட்டத்தால் இத்தனை மணி நேரம் மிச்சமாகும்’, ‘மின்சாரம் யூனிட் இன்ன விலைக்குக் கிடைக்கும்’, ‘இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கிட்டும்’ என்று எண்கள் நம் முன் வைக்கப்படுகின்றன. அவற்றோடு வர வேண்டிய ‘எனில்’ மட்டும் வருவதில்லை. இதைத்தான் இக்கட்டுரை குறை கூறுகிறது. பொருளாதார ஆய்வு ஒன்று, திட்ட ஒப்பந்தம் ஒன்று என இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். பென்சிலும் தாளும் அருகில் இருந்தால் நல்லது.

முப்பது மணி நேரம் எப்படி வந்தது?

முதல் எடுத்துக்காட்டு நமக்கு அறிமுகமான சேதுசமுத்திரத் திட்டம். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். கால்வாயின் நீளம் 167 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர். இலங்கையைச் சுற்றிச் செல்லும் கப்பல்களுக்கு 424 கடல் மைல் வரை தூரமும், 30 மணி வரை நேரமும் மிச்சமாகும் என்று அப்போது கூறப்பட்டது. இத்திட்டத்தைப் பற்றி மத நம்பிக்கை சார்ந்தும் அரசியல் சார்ந்தும் நாடெங்கும் எழுந்த வாதங்களுக்குள் நான் நுழையவில்லை. அந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்ற அலகில் சொல்வார்கள். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், சென்றால் அது ஒரு நாட். 424-ஐ 30-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 14 வரும். ஆகவே கப்பல் கடலிலும் கால்வாயிலும் ஒரே சீராக 14 நாட் வேகத்தில் செல்லும் எனில், 30 மணி நேரம் மிச்சம். இது ஒரு விளக்கம்.

இந்த விளக்கம் நடக்கக் கூடியதா? ஆழம் குறைந்த நீரில் கப்பல் விரைந்து செல்லும்போது அதன் அடிப்பகுதிக்கும் கடல் தரைக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் நீர் வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது நீங்கள் படித்த பெர்னூலி தத்துவம். அழுத்தம் குறையவே, கப்பல் இயல்பாக இருப்பதைவிடக் கீழே அமிழ்கிறது. இந்த அமிழ்வு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். மாலுமிகள் பயன்படுத்தும் கைக்கணக்கு ஒன்று உண்டு: வேகத்தை நாட் அளவில் எடுத்து இருமடியாக்கி, கப்பலின் வடிவ எண்ணால் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் அமிழ்வு மீட்டரில் கிடைக்கும். சரக்குக் கப்பலுக்கு வடிவ எண் சுமார் 0.8. எனவே 14 நாட் வேகத்தில் அமிழ்வு சுமார் 1.6 மீட்டர், 8 நாட் வேகத்தில் அரை மீட்டர்தான்.

கால்வாயின் ஆழம் 12 மீட்டர். நீருக்குள் 10.7 மீட்டர் அமிழ்ந்திருக்கும் கப்பல் வரை அதில் செல்லலாம் என்பது திட்டம். அடியில் எஞ்சுவது 1.3 மீட்டர். 14 நாட் வேகத்தில் முழுச் சுமையோடு சென்றால் கப்பல் தரை தட்டும்! ஆகவே கால்வாயில் மெதுவாகத்தான் போக வேண்டும்.

சரி, வேறு எடுகோளை வைத்துப் பார்ப்போம். கடலில் 12 நாட், கால்வாயில் 8 நாட், வழிகாட்டி மாலுமி ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் என்று கொள்வோம். தூரம் குறைவதால் மிச்சம் 35 மணிக்குச் சற்று மேல். கால்வாயின் நீளம் 90 கடல் மைல். அதில் மெதுவாகச் செல்வதால் இழப்பு மூன்றே முக்கால் மணி. காத்திருப்பு ஒன்றரை மணி. கழித்தால் மறுபடியும் 30 மணி நேரமே வருகிறது!

இங்கேதான் சிந்திக்க வேண்டும். நடக்கவே முடியாத எடுகோளும் 30 தருகிறது. நடக்கக் கூடிய எடுகோளும் 30 தருகிறது. ‘30 மணி நேரம்’ என்ற விடையை மட்டும் பார்ப்பவரால் இரண்டில் எது அதன் அடியில் உள்ளது என்று கண்டுபிடிக்க முடியாது. எடுகோள் சொல்லப்படாத எண்ணைச் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது.

‘வரை’ என்னும் சிறு சொல்

இன்னும் ஒன்று. ‘424 கடல் மைல் வரை’ என்பதில் ‘வரை’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அது உச்ச அளவு. தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் கப்பலுக்கு அத்தகைய மிச்சம் உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏடன் பக்கமிருந்தோ ஆப்பிரிக்கக் கரையிலிருந்தோ வரும் கப்பல் தூத்துக்குடியிலிருந்து புறப்படவில்லை. அது இலங்கையின் தென் முனையை நோக்கி நேராக வருகிறது. அதற்குக் கால்வாய் தரும் மிச்சம் மிகக் குறைவு. ஒரு பேச்சுக்கு 200 கடல் மைல் என்று வைத்துக் கொண்டு மேலே செய்த கணக்கையே திரும்பச் செய்யுங்கள். 12 நாட் கப்பலுக்கு மிச்சம் பதினோரு மணிக்குச் சற்று மேல். 18 நாட் வேகத்தில் ஓடும் கப்பலுக்கோ மூன்றரை மணி கூட இல்லை. வேகமான கப்பலுக்குச் சுற்றுவழி சிறிதாகிறது. மெதுவாகச் செல்ல வேண்டிய கால்வாயோ பெரிய தடையாகிறது. இதற்குக் கால்வாய்க் கட்டணமும் கட்ட வேண்டும் எனில், அக்கப்பலின் தலைவர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

கப்பல் எங்கிருந்து வருகிறது என்ற இதே கேள்வியை 2007-இல் பொருளியல் வார இதழ் ஒன்றில் ஜேக்கப் ஜான் விரிவாக எழுப்பினார். கால்வாயின் வருவாய்க் கணக்கு முழுவதும் அந்த விடையைச் சார்ந்தது. கப்பல்களின் பருமன் மற்றொரு எடுகோள். சுமார் 30,000 டன் வரையிலான கப்பல்களுக்கென வகுக்கப்பட்ட கால்வாய் இது. உலகில் கப்பல்களோ ஆண்டுக்காண்டு பெரிதாகி வருகின்றன. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத் தடை வந்தது, கால்வாய் முடிவடையவில்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். கப்பலின் வேகம் என்ன, அது புறப்பட்ட துறைமுகம் எது என்று மேடைகளில் கேட்டவர்கள் மிகச் சிலரே.

இரண்டு ரூபாய் நாற்பது காசு

ஆய்வறிக்கையில் எடுகோள் பொய்த்தால் அறிக்கை தவறாகும், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் எடுகோள் பொய்த்தால் யாரோ ஒருவர் பணம் கட்ட வேண்டும். மகாராஷ்டிரத்தில் இரத்தினகிரி மாவட்டத்திலுள்ள தாபோல் மின் நிலையத்தின் கதை இதற்குச் சான்று.

1992-இல் என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் மகாராஷ்டிர மின்வாரியத்துடன் புரிந்துணர்வு கண்டு, 1993 டிசம்பரில் மின்சாரம் விற்கும் ஒப்பந்தம் செய்து கொண்டது. மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 40 காசு என்று சொல்லப்பட்டது. அதன் பின்னால் இருந்த ‘எனில்’கள் மூன்று. ஒரு டாலர் 32 ரூபாய் எனில்; எரிபொருள் விலை ஏறாது எனில்; மின் நிலையத்தின் உற்பத்தி முழுவதையும் வாரியம் வாங்கும் எனில்.

மூன்றாவது எடுகோளே மிகவும் கனமானது. நிலையம் 90 சதவீத அளவுக்கு இயங்க ஆயத்தமாக இருந்தால் போதும். வாரியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். பேருந்தை வாடகைக்குப் பிடித்தால் ஐம்பது பேர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் வாடகை ஒன்றுதானே? அதைப் போல.

ஒரு கணக்குப் போடுவோம். பங்கீடு நான் வைத்துக் கொண்டது; முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. 2 ரூபாய் 40 காசில் நிலைக் கட்டணம் 1.25, எரிபொருள் 1.15 என்க. நிலைக் கட்டணம் முழுவதும் டாலரில் கட்டப்படுவதாகவும் கொள்வோம். 2001-இல் டாலர் சுமார் 47 ரூபாய். ஆகவே 1.25 என்பது 1.84 ஆகிறது. எதிர்பார்த்ததில் பாதி யூனிட்டுகளே வாங்கினால், அதே மொத்தக் கட்டணம் பாதி யூனிட்டுகள் மேல் விழுந்து, யூனிட்டுக்கு 3.67 ஆகிறது. எரிபொருள் விலை ரூபாயில் இரு மடங்கானால் 2.30. கூட்டினால் 5.97. நிலையத்தில் எந்தப் பொறியும் பழுதாகவில்லை, எந்தப் பொறியாளரும் தவறு செய்யவில்லை. மூன்று எடுகோள்கள் நகர்ந்தன, விலை இரண்டரை மடங்காயிற்று.

நடந்தது இதைவிடக் கடுமையானது. 1995-இல் ஒப்பந்தம் இரத்தாகி, 1996-இல் மாற்றங்களோடு புதுப்பிக்கப்பட்டு, 740 மெகாவாட் கொண்ட முதற் கட்டம் 1999 மே மாதம் இயங்கத் தொடங்கியது. எரிபொருள் நாப்தா. 1999 தொடக்கத்தில் பீப்பாய் 10 டாலரை ஒட்டியிருந்த கச்சா எண்ணெய், அடுத்த ஆண்டு செப்டம்பரில் 30 டாலரைத் தாண்டியது. வாரியம் குறைவாக வாங்கிய மாதங்களில் யூனிட் அடக்கம் 7 ரூபாய்க்கும் மேல் போயிற்று. 2001 மே மாதத்தில் வாரியம் வாங்குவதையே நிறுத்தியது. நிலையம் மூடப்பட்டது, அவ்வாண்டு டிசம்பரில் என்ரானும் திவாலாயிற்று. முடியும் தறுவாயிலிருந்த இரண்டாம் கட்டம் அப்படியே நின்றது.

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? தேவைக்கு மேல் மின்சாரம், அதுவும் கூடுதல் விலையில், என்று காரணம் காட்டி உலக வங்கி 1993-லேயே கடன் தர மறுத்தது. பூனாவைச் சேர்ந்த பிரயாஸ் அமைப்பினர் இதே எடுகோள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினர். மறுபக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. மின் பற்றாக்குறையும் உண்டு. உத்தரவாதம் இல்லாமல் வெளிநாட்டார் பணம் போட முன்வர மாட்டார்கள் என்றனர். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆயினும் ‘இந்த மூன்றும் பொய்த்தால் மின்வாரியமும், அதன் வழியே மின்சாரம் வாங்கும் மக்களும் ஏற்க வேண்டும்’ என்று 2.40 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாமே! தெரிந்து ஏற்கும் சுமை வேறு. தெரியாமல் தலையில் ஏற்றப்படும் சுமை வேறு.

நாம் கேட்க வேண்டியவை

எடுகோள் இல்லாமல் எதிர்காலத்தைக் கணக்கிட யாராலும் முடியாது. ஆகவே எடுகோள் வைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறைத்து வைப்பதே குற்றம். இனி உங்கள் ஊரில் மேம்பாலமோ, துறைமுகமோ, தொழிற்பேட்டையோ வரப் போகிறது என்று அறிவிப்பு வந்தால், ஆதரிப்பதற்கு முன்னும் எதிர்ப்பதற்கு முன்னும் சில கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த எண் எந்தெந்த எடுகோள்களின் மேல் நிற்கிறது? அவற்றுள் எது சற்று அசைந்தால் விடை பெரிதும் அசையும்? ஆய்வுக் கூடத்தில் நாம் பிழை எல்லை எழுதுவதைப் போல, நல்ல காலம், நடுத்தரம், கெட்ட காலம் என்று மூன்று விடைகள் தரப்பட்டுள்ளனவா? ‘300 பேருக்கு வேலை’ என்றால் அது 300 ஆட்களா, அல்லது 100 ஆட்கள் மூன்றாண்டு வேலை செய்வதைப் பெருக்கிச் சொன்னதா? ஒப்பந்தமாயின், ஒவ்வோர் எடுகோளும் பொய்த்தால் நட்டம் யாருடையது என்று எழுதப்பட்டுள்ளதா? சில ஆண்டுகள் கழித்து அவற்றைத் திரும்பச் சரிபார்க்க வழி உண்டா?

இக்கேள்விகளுக்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவர் போதும். மேலே நாம் போட்ட கணக்குகளில் அதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

என் மாணவர்கள் ‘கோணம் 5 பாகைக்குள்’ என்று பதிவேட்டில் எழுதிய பிறகே நான் கையெழுத்திடுகிறேன். அந்த ஒரு வரிக்காக முணுமுணுத்துக் கொண்டு திரும்பிப் போய் எழுதி வருவார்கள். ஒரு ரூபாய் கூடச் செலவில்லாத ஊசலுக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், நம் வரிப்பணத்தில் எழும் திட்டங்களிடம் அந்த ஒரு வரியைக் கேட்பது அதிகமாகாது.