எந்தச் சொல்லுக்கு 'பீப்'?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை ரூம்களில் இரண்டு 'பிக் பாஸ்' ஓடுகின்றன. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் கன்னடம். சரக்கு ஒன்றுதான். 1999இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்று தொடங்கியது நாடு நாடாக விற்கப்பட்டு, 2006இல் இந்திக்கும் 2013இல் கன்னடத்துக்கும் 2017இல் தமிழுக்கும் வந்தது. பூட்டிய வீடு, சுற்றிலும் கேமரா, வாராவாரம் வெளியேற்றம். இந்தச் சட்டகம் அவர்களுடையது. உள்ளே இட்டு நிரப்புவது உள்ளூர்ப் பண்பாடு என்கிறார்கள். சரி, அது எந்தப் பண்பாடு?

2017இல் தமிழ் நிகழ்ச்சியின் முதல் ஆண்டிலேயே சக போட்டியாளரின் நடத்தையை ஒரு பங்கேற்பாளர் 'சேரி பிஹேவியர்' என்றார். சேரி என்பது மனுசங்க வாழுற இடம். ஊருக்கு வெளியே நம்மைத் தள்ளிவைத்தவர்களே அந்த இடத்தின் பேரையும் வசவாக்கினார்கள். அந்த வசவைத் தேட அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பொதுப்புத்தியில் அது தயாராகக் கிடந்தது.

நாம் பார்க்க வேண்டியது அவர் வாயை மட்டுமல்ல, எடிட்டிங் மேசையையும்தான். ஒரு நாள் முழுக்கப் பிடித்ததை ஒரு மணி நேரமாகச் சுருக்குகிறார்கள். கெட்ட வார்த்தை வந்தால் 'பீப்' போடுகிறார்கள். சேரிக்கு அந்தச் சத்தம் வரவில்லை. அவர்கள் அகராதியில் அது கெட்ட வார்த்தையே இல்லை!

ஆபாசம், தமிழ்ப் பண்பாடு கெடுகிறது என்று இந்து மக்கள் கட்சி போலீசுக்குப் போனது. சேரி என்ற சொல்லுக்காக 100 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியவர் புதிய தமிழகம் கட்சியின் கிருஷ்ணசாமி. யாருக்கு எங்கே வலிக்கிறது, பாருங்கள்.

கன்னட வீடு மட்டும் சுத்தமா? 2023 நவம்பரில் அங்கே ஒரு நடிகை போவி மக்களின் சாதிப் பெயரை வசையாகச் சொன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. போவி என்பவர்கள் நம்ம பக்கத்து ஒட்டர், போயர் சனங்கதான்; கல் உடைத்தவர்கள், ஏரி வெட்டியவர்கள். அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பட்டியல் சாதி. இந்தப் பக்கம் இல்லை. ஓசூரில் அதே சொல்லை இந்தப் பக்கத்து ஒட்டர், போயரிடம் சொன்னால் அந்தச் சட்டம் வராது. வலி மட்டும் எல்லை தாண்டி வரும்.

இதே நிகழ்ச்சியின் பிரிட்டிஷ் பதிப்பில் 2007இல் நடிகை ஷில்பா ஷெட்டியை இனவெறியோடு பேசினார்கள். 44,000க்கும் மேல் புகார்கள் குவிந்தன. விளம்பரக் கம்பெனி விலகியது. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், விதி மீறப்பட்டது என்ற தன் தீர்ப்பை அந்தச் சேனலிலேயே ஒளிபரப்ப வைத்தது. அதனால் அங்கே இனவெறி ஒழிஞ்சிடல. ஆனால் தப்பு நடந்த திரையிலேயே அது தப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நமக்கும் விதி இருக்கிறது. சமூகங்களைத் தாக்கும் நிகழ்ச்சி கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்கின்றன. வெளிநாட்டிலிருந்து சட்டகத்தை விலை கொடுத்து வாங்கியவர்கள், இருக்கிற விதியை ஏன் கையில் எடுப்பதில்லை?

'பீப்' போட்டு மறைப்பதை நாம் கேட்கவில்லை. மறைத்தால் அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். எந்த நேரத்தில், எந்தத் திரையில் சேரியை இழித்தார்களோ, அதே நேரத்தில், அதே திரையில் அது குற்றம் என்று சொல்லட்டும். அதைச் சொல்ல வைப்பது நம்ம வேலை.