தலையெழுத்தும் மூன்றெழுத்தும்

'எங்கள் டி.என்.ஏ.விலேயே இருக்கிறது' என்ற வாக்கியம் இப்போது எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நாணயம் தங்கள் டி.என்.ஏ.வில் இருப்பதாகக் கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. எதிர்க்கட்சியின் டி.என்.ஏ.வில் ஊழல் இருப்பதாக மேடையில் பேசுகிறார்கள். சங்கீதம் குடும்ப டி.என்.ஏ.வில் இருப்பதாக மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் சபா வாசல்களில் சொல்லக் கேட்கலாம். இதே இடத்தில் முன்பு 'ரத்தத்தில் ஊறியது' என்ற சொற்றொடர் இருந்தது. அதற்கும் முன்பு 'தலையெழுத்து' இருந்தது. சொல் மாறியிருக்கிறது, சொல்கிற மனம் மாறவில்லை. விஞ்ஞானத்திடம் ஒரு வார்த்தையைக் கடன் வாங்கி, அதற்குள் பழைய விதியைக் குடியேற்றியாயிற்று.

இலக்கியப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உயிரியல் இந்தத் துறைக்கான சொற்களை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. எழுத்து, படியெடுத்தல், தூது, மொழிபெயர்ப்பு எல்லாம் இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் செல்லைப் பற்றிய கலைச்சொற்கள். எழுத்து என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை வாசிப்பது யார், எப்படி வாசிக்கிறார் என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. அவை விமரிசகனின் கேள்விகள்.

செல்லுக்குள் நடப்பதை நிதானமாகப் பார்க்கலாம். மனித செல்லின் உட்கருவில் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்றாக இரண்டு டி.என்.ஏ. பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளம். எழுத்துகளோ நான்கே வகை, நான்கும் ரசாயனப் பொருள்கள். புரதங்களுக்கான பகுதி இதில் நூற்றில் இரண்டுக்கும் குறைவு. மூலப்பிரதி உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. வங்கியில் அடமானப் பத்திரத்தின் அசல் பாதுகாப்பு அறையில் கிடக்கும். மேஜைக்கு மேஜை போவது நகல்தான். அதேபோல அந்தந்தச் சமயத்துக்கு வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. படியெடுத்ததும் இடையிலுள்ள துண்டுகள் வெட்டப்பட்டு மீதி ஒட்டப்படுகிறது. ஒரே படியை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டி வெவ்வேறு புரதங்கள் செய்துகொள்வதும் உண்டு. இந்தத் தூது ஆர்.என்.ஏ. வெளியே வந்து, வேலை முடிந்து, சிதைக்கப்படுகிறது.

கண்ணின் செல்லிலும் ஈரலின் செல்லிலும் இருப்பது ஒரே மூலப்பிரதிதான். கண் கண்ணாக இருப்பது அங்கே எந்தப் பகுதிகள் படியெடுக்கப்படுகின்றன, எவை மூடிக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. எழுதியிருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு. தலையெழுத்துக்காரர்கள் இந்த முதல் படியிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. தூது ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. நான்கு எழுத்துகளைக் கொண்டு 64 மூன்றெழுத்துச் சொற்கள் அமையும். அவற்றில் 61 சொற்கள் இருபது அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. மூன்று சொற்கள் 'நிறுத்து' என்பதைக் குறிக்கின்றன. இந்த அகராதியை விடுவித்ததற்காக ஹர் கோவிந்த் குரானா, நிரென்பர்க், ஹோலி மூவருக்கும் 1968ல் நோபெல் பரிசு கிடைத்தது. ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டதற்காக 2009ல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

அகராதி என்றேன். இந்த அகராதியில் சொல்லுக்கும் பொருளுக்கும் உருவ ஒற்றுமை கிடையாது. ஜி, ஜி என்று தொடங்கும் நான்கு சொற்களும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன. கிளைசினின் வடிவத்தில் அந்த எழுத்துகளின் சாயல் எதுவும் இல்லை. நம் இலக்கணப்படி இவை காரணப்பெயர்கள் அல்ல, இடுகுறிகள். இடுகுறிக்குப் பொருள் சேர்வது வழக்கத்தால். செல்லில் அந்த வழக்கத்தைக் காப்பாற்றி வருபவை குறிப்பிட்ட சில என்சைம்கள். கடத்து ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறின் ஒரு முனை மூன்றெழுத்தோடு பொருந்தும். மறுமுனையில் அதற்குரிய அமினோ அமிலத்தைக் கட்டிவிடுவது இந்த என்சைம்களின் வேலை. ரைபோசோம் எழுத்துப் பொருத்தத்தைத்தான் சோதிக்கிறது, சுமந்து வந்த சரக்கைச் சோதிப்பதில்லை. 1962ல் இதைப் பரிசோதனையில் காட்டினார்கள். சிஸ்டீன் கட்டப்பட்ட கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, கட்டப்பட்ட நிலையிலேயே சிஸ்டீனை அலனீனாக மாற்றிவிட்டார்கள். சிஸ்டீன் வரவேண்டிய இடங்களிலெல்லாம் ரைபோசோம் அலனீனைக் கோத்தது. அர்த்தம் எழுத்திலேயே உறைந்து கிடப்பதாக நம்புகிறவர்கள் இந்தப் பரிசோதனையை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை கிடைத்திருப்பது ஒரு சங்கிலி மட்டுமே. சங்கிலியாக நீண்டு கிடக்கும் புரதத்தால் பெரும்பாலும் எந்தக் காரியமும் நடக்காது. அது மடிந்து ஒரு உருவம் கொள்ள வேண்டும். உருவம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வந்த மிக முக்கியமான விடைகளில் ஒன்று இந்த ஊரில், கிண்டி வளாகத்தில் உண்டானது.

ஜி.என். ராமச்சந்திரன் 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்த வருஷம் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிப் போனார். தோல், தசைநார், எலும்பு மூன்றுக்கும் ஆதாரமான புரதம் அது. கிண்டி வளாகத்துக்கு அருகில், அடையாறில், 1948ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொலாஜன் மாதிரிகள் அங்கிருந்து வந்தன. கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்ரே படங்கள் மிகத் தெளிவாக இருந்தன. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954லும் 1955லும் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளில், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய அமைப்பை முன்வைத்தார்கள்.

உடனே மறுப்பு வந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்ட கிரிக்கும், அவரோடு ரிச்சும், இந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றார்கள். சில நுணுக்கங்களில் பின்னால் நிலைத்தது அவர்கள் பக்கம்தான். ஆனால் ராமச்சந்திரன் அதற்குச் சொன்ன பதில்தான் நமக்கு முக்கியம். அளவுக்கு மீறி என்றால் எது அளவு? அதுவரை தெரிய வந்திருந்த படிக அமைப்புகளைத் துழாவி, அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நெருங்குகின்றன என்று கணக்கெடுத்தார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பலாம். அந்த இரண்டு கோணங்களை இரு அச்சுகளாக வைத்து, அணுக்கள் மோதாத இடங்களைக் குறித்தபோது ஒரு வரைபடம் கிடைத்தது. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் அதை 1963ல் வெளியிட்டார்கள். படத்தில் பெரும் பரப்பு தடைசெய்யப்பட்ட வெளி. அனுமதிக்கப்பட்டவை சில தீவுகள். இன்றும் புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டவர்கள் அது சரிதானா என்று பார்ப்பது இந்தப் படத்தை வைத்துத்தான். மறுப்புக்கு மறுப்பு எழுதிப் பக்கங்களை நிரப்பும் நம் விமரிசன உலகம், எட்டு வருஷம் அளந்து பார்த்துப் பதில் சொன்ன இந்த ஒழுங்கைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியில் 'எழுத்து' பத்திரிகையை 1959ல் ஆரம்பித்தார். கவிதையின் உருவம் யாப்பா, யாப்புக்கு வெளியேயா என்ற சண்டை அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், சில மைல் தள்ளி, உருவத்தின் எல்லைகளை இவர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். உள்ளடக்கம் உருவத்துக்குக் கட்டளை இடுகிறது என்று நம்மில் ஒரு சாரார் இன்னும் பேசுகிறோம். வரைபடம் காட்டுவது வேறு. எது முடியாது என்பது முதலில் நிர்ணயமாகிறது. மிஞ்சிய இடத்தில், சுற்றியிருக்கும் தண்ணீரோடும் உஷ்ணத்தோடும் இசைந்து, உருவம் கூடி வருகிறது.

அமினோ அமிலங்களின் வரிசையிலிருந்தே உருவம் உண்டாவதால் எல்லாம் எழுதப்பட்டதாகத்தானே ஆகும் என்று வாதிடலாம். தோலையும் எலும்பையும் நீண்ட நேரம் வேக வைத்தால் கொலாஜனின் பின்னல் அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. நாம் விழுங்கும் மாத்திரைக் குப்பி அநேகமாக அதுதான். பின்னலைக் குலைக்க வரிசையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, அடுப்பு போதுமானதாக இருந்தது.

எழுத்துக்கு அதிகாரமே கிடையாது என்று சொன்னால் அதுவும் பொய். கொலாஜன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். மூன்று சங்கிலிகள் நெருங்கும் நடுப்பகுதியில் அந்த மிகச் சிறிய அமிலம் மட்டுமே அடங்கும். டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறி, கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால், பிறந்த குழந்தையின் எலும்புகள் தொட்டால் முறியும் அளவுக்குப் போகலாம். அந்த வீட்டாரிடம் போய் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பேச முடியாது. ஆனால் அங்கும் எழுத்து செயல்படுவது உருவத்தின் வழியாகத்தான். நேரடியாக ஒரு விதியை அது அறிவிப்பதில்லை.

கொலாஜனில் இன்னொரு விசேஷம் உண்டு. அதன் பின்னலுக்கு உறுதி தரும் ஹைட்ராக்ஸிபுரோலினுக்கு 64 சொற்களில் ஒன்றுகூட இல்லை. சங்கிலியில் புரோலின் கோக்கப்பட்ட பிறகே ஒரு என்சைம் அதை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்றுகிறது. அந்த என்சைம் தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி தயாரிப்பதற்கான கடைசி மரபணு மனிதனில் சிதைந்து கிடக்கிறது. பல பிராணிகளுக்கு அது பழுதின்றி இருக்கிறது. ஆகவே மாதக்கணக்கில் பழமும் கீரையும் கிடைக்காத கப்பல் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வடிந்தது, ஆறிய புண்கள் மறுபடி திறந்தன. அவர்கள் டி.என்.ஏ.வில் கொலாஜனுக்கான எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருந்தன. உடம்பைக் கட்டிவைக்கும் புரதம், பிரதிக்கு வெளியே, ஒரு நெல்லிக்காயை எதிர்பார்த்து நிற்கிறது.

இந்த ஆராய்ச்சிக்குச் சரக்கு வந்தது தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து என்பதை மறந்துவிடக் கூடாது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தி, அதை அவர்கள் பிறப்பின் எழுத்து என்று சொல்லிவந்த சமூகம் இது. பதனிடுகிறவன் கையில் இருக்கும் தோலிலும், அவனைத் தொடாமல் விலகுகிறவன் கையிலும் இருப்பது ஒரே மூன்று சங்கிலிப் பின்னல். இரண்டிலும் மூன்றாவது இடத்தில் கிளைசின். அந்தச் சமூகம் இன்று 'டி.என்.ஏ.விலேயே இருக்கிறது' என்று பேசும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. சங்கீதத்தில் ஆரம்பிக்கிற வாக்கியம் சங்கீதத்தோடு நிற்பதில்லை. எது யாருக்கு வரும், எது யாருக்கு வராது என்பதைப் பிறப்பைப் பார்த்துச் சொல்லிவிடும் பழைய சௌகரியம் அதில் பத்திரமாக இருக்கிறது.

எழுத்தைப் பிழைப்பாகவோ பித்தாகவோ கொண்ட நாம் இந்த வாக்கியத்தைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்கக் கூடாது. வாசிப்பு என்பது எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிப்பது என்று நம்புகிற இடத்தில், செல்லைப் பற்றியும் சரியாகப் பேச முடியாது, கவிதையைப் பற்றியும் பேச முடியாது.